பூசினாப்பல இருந்தால் என்ன?

மார்கழி மாதம் சபா கேன்டீன் பக்கம் போயிருக்கிறீர்களா? உள்ளே மேடையில் ஒரு பெண் முக்கால் மணி நேரம் வர்ணம் ஆடி, வியர்வை சொட்டச் சொட்ட நமஸ்காரம் பண்ணி விட்டுப் போயிருப்பாள். வெளியே இலையில் காசி அல்வாவையும் கீரை வடையையும் வைத்துக்கொண்டு நம்மவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டுமே! "ஜதியெல்லாம் சுத்தமாத்தான் இருந்தது. ஆனா பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டா, இல்லே?" பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். வாயில் அல்வா இருக்கும்! ஆண்கள்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைக்காதீர்கள் சகோதரிகளே. நாம்தான் அதிகம் பேசுகிறோம்.

பாடுகிற பெண்ணை இப்படி யாரும் சொல்வதில்லை. ஆடுகிறவளுக்கோ உடம்புதான் வாத்தியம். வீணையை உறை போட்டு மூலையில் சாத்தி வைக்கலாம். இவள் தன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டேதான் கல்யாண வீட்டுக்கும் காய்கறிக் கடைக்கும் போக வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் அதற்கு மார்க் போடுவார்கள். அந்த மார்க் என் தங்கை மகளை என்ன பாடு படுத்தியது, அவள் எப்படி மீண்டு வந்தாள் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

தங்கைக்கு கும்பகோணம். மகள் ஆறு வயதிலிருந்து பரதம் கற்றவள். பிளஸ் டூ முடித்து 2016-ல் சென்னையில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினாள். சாயங்காலம் பேர் பெற்ற ஒரு டீச்சரிடம் நாட்டிய வகுப்பு. மறு வருஷம் அரங்கேற்றம் என்று தேதியும் வைத்தார்கள். அரங்கேற்றம் என்றால் இன்று ஒரு கல்யாணம் மாதிரிதான். நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், பாட்டு என்று பக்கவாத்தியக்காரர்களுக்கு, ஹாலுக்கு, மேக்கப்புக்கு, டெம்பிள் ஜுவல்லரி செட்டுக்கு, மூன்று டிரெஸ்ஸுக்கு, வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு என்று பணம் தண்ணீராய்ப் போகும். அதற்கப்புறமாவது சம்பாதிப்பார்களா என்றால், மேடை கிடைக்கவே கைக்காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று நாட்டியக்காரர்களே வெளிப்படையாகச் சொல்லி வருகிறார்கள். அது தனிக் கதை.

"அக்கா, டிரெஸ் தைக்க நீ கூடப் போயிட்டு வாயேன்" என்றாள் தங்கை. மயிலாப்பூரில் நாட்டிய உடை மட்டுமே தைக்கிற ஒரு பாய். மார்ச்சில் அளவு எடுத்தார். மே மாதம் போட்டுப் பார்த்தபோது இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. பிடித்துத் தைத்தார். ஜூனில் போனால் மறுபடியும் தொளதொள. நாட்டிய டிரெஸ்ஸில் உள்ளே இரண்டு அங்குலம் துணி மடித்து விட்டிருப்பார்கள், பெண் வளர்ந்தால் பிரித்து விடலாம் என்று. பாய் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, முப்பது வருஷமா பிரிச்சு விட்டுத்தான் பழக்கம். இந்தப் பாப்பாவுக்குத்தான் ரெண்டாம் தடவை பிடிக்கிறேன். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

அன்றைக்கே ஹாஸ்டலில் சொல்லிவிட்டு அவளை மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஜூன் மாத வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். குளிருதாம்! கையிலும் முதுகிலும் பூனை முடி மாதிரி மெல்லிசாக ரோமம். தலைமுடியோ கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மெதுவாகக் கேட்டதில், தீட்டு வந்து ஐந்து மாதம் ஆச்சு என்றாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி, தட்டடவு போட்டாலே சுருக்கென்கிறதாம். டாக்டரம்மா நாடி பார்த்ததும் அப்படியே வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார். இதயம் அவ்வளவு மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

எடை எத்தனை கிலோ இருந்தாள் என்று நான் எழுத மாட்டேன். டாக்டரம்மா சொன்ன காரணம்தான். இந்த நோய் உள்ள பிள்ளைகள் அந்த நம்பரைப் படித்தால், "நான் அதையும் விடக் குறைப்பேன்" என்று போட்டியாக எடுத்துக்கொள்வார்களாம்.

அனோரெக்ஸியா என்று பெயர் சொன்னார்கள். பசியின்மை என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். அது சரியே இல்லை. பசி இருக்கும், கொல்லும். அதை ஜெயிப்பதுதான் அந்தப் பிள்ளைக்குப் பெருமை. எப்படி ஆரம்பித்தது என்று பின்னால் அவளே சொன்னாள். கண்ணாடி முன்னால் எல்லாப் பெண்களும் அரைமண்டியில் நிற்கும்போது டீச்சர், "ஸ்டேஜ்ல எல்லாம் ரெட்டிப்பாத் தெரியும், கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றாராம். சரி என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். நாலு பேர் "அட, இளைச்சு அழகாயிட்டியே" என்றார்கள். காலை டிபனையும் விட்டாள். அந்த டீச்சரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. அவரிடம் அவருடைய டீச்சர் இதையேதான் சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தையால் மட்டும் நோய் வந்துவிடாது, பிறவியிலேயே அதற்கு ஒரு வாகு இருக்கும், எதையும் கனகச்சிதமாகச் செய்ய வேண்டும் என்ற குணம் இருக்கும், பட்டினி அதைக் கிளப்பி விடும் என்றுதான் டாக்டரம்மாவும் விளக்கினார். "யார் தப்புன்னு தேடாதீங்க. அடுத்த வேளை என்ன சாப்பாடுன்னு பாருங்க" என்றார் தங்கையிடம்.

இதில் விரதம் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாஸ்டலில் அவள் முதலில் வெள்ளிக்கிழமை இருந்தாள். பிறகு சங்கடஹர சதுர்த்தி, பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை. வயசுப் பெண் விரதம் இருந்தால் நம் ஊரில் யார் தடுப்பார்கள்? "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று மெச்சத்தான் மெச்சுவார்கள். எனக்கு விரதத்தில் நம்பிக்கை உண்டு. இன்றைக்கும் சஷ்டி இருக்கிறேன். ஆனால் நோய்க்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பக்தியை விட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? "இவ குணமாகற வரைக்கும் அந்த வீட்ல யாருமே விரதம் இருக்கக் கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி விட்டார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு விசித்திரம். சாப்பிட மாட்டாளே தவிர, சமையல் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டாள். டிவியில் சமையல் நிகழ்ச்சி ஒன்று விடமாட்டாள். எங்களுக்கு விதவிதமாகப் பண்ணிப் போட்டு, நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நடிக்கிறாளோ என்று என் கணவருக்கே சந்தேகம் வந்து விட்டது. டாக்டரம்மா ஒரு சமாச்சாரம் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம், 1944, 45-ல், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 வாலிபர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரை வயிற்றுக்கு மட்டும் சாப்பிட வைத்துச் சோதித்தாராம். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படித் திரும்ப உணவு கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த ஆண்பிள்ளைகள் சமையல் குறிப்பு சேகரிக்க ஆரம்பித்து விட்டார்களாம்! தட்டை நக்குவது, துளித்துளியாகப் பிய்த்து மணிக்கணக்கில் சாப்பிடுவது, எரிந்து விழுவது எல்லாம் அவர்களுக்கும் வந்ததாம். பட்டினி கிடந்த மூளை இப்படித்தான் நடக்கும், இவள் அழிச்சாட்டியம் பண்ணவில்லை என்று புரிந்த பிறகு எங்கள் வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். நாம் நினைப்பது போல உடனே நெய்யும் முட்டையுமாக ஊட்டிவிடக் கூடாதாம். பல நாள் வயிறு காய்ந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சத்து விழுந்து உயிருக்கே ஆபத்தாகுமாம். ரத்தம் சோதித்துச் சோதித்து மெதுவாகத்தான் ஏற்றினார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பாட்டி வைத்தியம் எதுவும் இதில் வேண்டாம்.

பிறகு வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இனிமே மருந்து என்கிட்ட இல்லை, உங்க அடுப்படியில இருக்கு." முன்பெல்லாம் இந்த நோய்க்கு, வீட்டு மனிதர்கள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்று பிள்ளையைப் பிரித்து வைப்பார்களாம். லண்டனில் மாட்ஸ்லி என்ற ஆஸ்பத்திரி டாக்டர்கள்தான் 1980-களில் அதைத் திருப்பிப் போட்டார்களாம். கொஞ்ச காலத்துக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதை அப்பா அம்மாவே தீர்மானிப்பது, எடை தேறத் தேற அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கையில் திருப்பிக் கொடுப்பது என்பது அவர்கள் முறை. சின்ன வயசாகவும், நோய் வந்து ரொம்ப நாள் ஆகாமலும் இருந்தால் நல்ல பலன் உண்டாம்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. தினம் ஆறு வேளை! மூன்று சாப்பாடு, நடுவில் மூன்று சிற்றுண்டி. ஒரு வேளைக்கு அரை மணி முதல் முக்கால் மணி. தங்கை கும்பகோணத்திலிருந்து வந்து நாலு மாதம் எங்களோடேயே இருந்தாள். இரண்டு இட்லியை நாற்பது துண்டாகப் பிய்ப்பாள். தோசையின் எண்ணெயை விரலால் வழித்துப் பாவாடையில் துடைப்பாள். ஒரு நாள் துளசித் தொட்டியில் பால் வாடை. சில நாள் தட்டு பறந்தது. "என்னை ஏன் கொல்றீங்க பெரியம்மா?" என்று அலறியது அடுத்த பிளாட் வரைக்கும் கேட்டது. "சாப்பிட்டாத்தான் எழுந்திருக்கணும் கண்ணு. அவசரமே இல்லை, நான் இங்கேயேதான் இருக்கேன்." இந்த ஒரே வசனத்தைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். வாதாடக் கூடாது, கெஞ்சக் கூடாது, "அப்பாடி, சாப்பிட்டியே" என்று கைதட்டவும் கூடாது. சாப்பிடும்போது சினிமா, கிரிக்கெட், ஊர்க்கதை எதைப் பற்றியும் பேசலாம். உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. "முகம் தெளிஞ்சிருக்கே" என்று வந்த விருந்தாளி ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். அன்று மத்தியானச் சாப்பாடு போயிற்று. குண்டாகி விட்டாய் என்று அவள் காதில் அது விழுந்ததாம்.

டாக்டரம்மா என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை மறக்கவே முடியாது. "அவளோட உட்கார்ந்து யார் சாப்பிடறீங்க?" எல்லோருக்கும் பரிமாறி விட்டுக் கடைசியில் சாப்பிடுவேன் என்றேன். "எங்கே?" "அடுப்படியில... நின்னுக்கிட்டே." "என்ன?" "மிச்சம் இருக்கிறதை." அவர் சிரிக்கவில்லை. "பொம்பளைங்க சாப்பாடுன்னா இப்படித்தான்னு பொறந்ததிலேர்ந்து பார்த்து வளர்ந்திருக்கா. நீங்க ரெண்டு பேரும் அவ தட்டுல இருக்கிறதையே, அவளோட சேர்ந்து, உட்கார்ந்து சாப்பிடணும். இதுவும் வைத்தியம்தான்" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் சூடான தோசையை உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான். என் கணவர் தோசை வார்க்கக் கற்றுக்கொண்டார். முதல் பத்து நாள் கருகல்தான், பரவாயில்லை.

அரங்கேற்றத்தைத் தள்ளி வைக்கவில்லை, ரத்தே செய்தோம். ஹால் அட்வான்ஸ் போனது போனதுதான். காலேஜுக்கு ஒரு வருஷம் லீவு. எடை ஏழெட்டு மாதத்தில் தேறியது. தீட்டு வர ஒரு வருஷம் ஆனது. மனசு தேறத்தான் நாள் பிடித்தது. எலும்பில் சத்து பெரும்பாலும் இருபது வயதுக்குள்தான் சேர்கிறதாம். அந்த வயதில் பட்டினி கிடந்து தீட்டு நின்றால் எலும்பு அரிக்க ஆரம்பித்து விடுகிறது. அந்தக் காலோடு சிமென்ட் தரையில் தட்டித் தட்டி ஆடினால் கீறல் விடாமல் என்ன செய்யும்? ஆகவே ஆட்டத்துக்குக் கடைசியில்தான் அனுமதி கிடைத்தது.

அதுவும் முதலில் உட்கார்ந்தபடி அபிநயம் மட்டும். டீச்சரை மாற்றினோம். புது டீச்சர் அறுபது தாண்டியவர், பருமனான சரீரம். பதத்துக்கு அவர் கண்ணை ஒரு தரம் திருப்பினால் நமக்குத் தொண்டை அடைக்கும். அவர் வகுப்பில் கண்ணாடி கிடையாது. முதல் நாள் அவர் இவளுக்குப் பாடம் எடுக்கவில்லை, ஒரு படம் போட்டுக் காட்டினார். பாலசரஸ்வதி அம்மாளைப் பற்றி சத்யஜித் ரே 1976-ல் எடுத்த 'பாலா'. அம்மாளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு, கனத்த உடம்பு. கடற்கரைக் காற்றில் புடவை பறக்க 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுகிறார். குட்டிக் கிருஷ்ணனைக் கூப்பிடும் அந்தக் கையைப் பார்க்கிறவர்களுக்கு அவர் இடுப்பின் அளவா தோன்றும்?

அந்த டீச்சர் சொல்லித்தான் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. நந்திகேஸ்வரர் எழுதிய 'அபிநய தர்ப்பணம்' என்ற பழைய நூல்தான் பரத மாணவிகளுக்குப் பாடம். ஆடுகிறவள் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் பட்டியலே உண்டு. மெல்லியலாள் வேண்டும் என்று அதுவும்தான் சொல்கிறது. ஆனால் மேடைக்கு ஆகாதவர்கள் வரிசையில் மிகவும் பருத்தவளைச் சொன்ன கையோடு, மிகவும் மெலிந்தவளையும் சொல்கிறது! நம் ஊர் வாத்தியார்கள் முதல் பாதியை மட்டும்தான் மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள் போலிருக்கிறது. குள்ளம், கூன் என்று அந்தப் பட்டியல் தள்ளுகிற மற்றவர்களை நினைத்தால் எனக்குப் பட்டியல் மேலேயே கோபம்தான். இருந்தாலும் அந்த ஒரு வரி அவளுக்கு உதவியது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பாலே நடனக்காரிகளிடம் இன்னும் அதிகம். 1997-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பாலே குழுவில் ஆடிய ஹைடி குன்தர் என்ற 22 வயதுப் பெண் குடும்பத்தோடு வெளியூர் போன இடத்தில் சுருண்டு விழுந்து இறந்து போனாள். உணவுக் கோளாறோடு போராடியவள். எடை பற்றிக் குழுவில் அவளிடம் முன்பு பேசியிருந்தது பெரிய சர்ச்சையானது. அதே காலத்தில் நியூயார்க் சிட்டி பாலேயில் ஜெனிஃபர் ரிங்கர் என்பவர் இதே போன்ற கோளாறால் குழுவை விட்டே விலகினார். ஆனால் தேறித் திரும்பி வந்து 2000-ல் அங்கே முதல் நிலை நடனக்காரியும் ஆனார். 2010-ல் ஒரு பத்திரிகை விமர்சகர் அவர் உடம்பைக் கிண்டல் செய்து எழுதியபோது, டிவியில் வந்து, எனக்கொன்றும் அதிக எடை இல்லை என்று அமைதியாகப் பதில் சொன்னார். 2014 வரைக்கும் ஆடி ஓய்வு பெற்றார். எங்கள் பெண் இவர் கதையைத் தேடித் தேடிப் படித்தாள். மீண்டு வந்த ஒருத்தியைப் பார்ப்பதில் இருக்கிற தெம்பே தனி.

2019 மகா சிவராத்திரிக்குக் கும்பகோணத்துப் பக்கத்தில் ஒரு கோயில் நாட்டியாஞ்சலியில் இவள் பத்து நிமிஷம் ஆடினாள். அரங்கேற்றம் என்றெல்லாம் பேர் இல்லை, பட்டோலை அடிக்கவில்லை. பாய் தைத்த அதே டிரெஸ். உள்ளே மடித்திருந்த துணியைப் பிரித்து விட்டுக் கொடுத்தார், கூலி வாங்க மாட்டேன் என்று விட்டார். ஆட்டத்தை விட எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முன்னால் மண்டபத்தில் நடந்த சாப்பாடுதான். எங்கெங்கோ இருந்து வந்த ஆடும் பெண்கள், கண்ணுக்கு மை, தலைக்கு ராக்கொடி, மேலே நைட்டி என்ற கோலத்தில் வரிசையாக இலை முன் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலியாம், இன்னொருத்திக்கு மாமியார் சலங்கையைத் தொடக் கூடாது என்கிறாராம். அவள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கியதை அவள் அம்மா பார்க்காத மாதிரி மோரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு முறை, 2021-ல் வீட்டில் அடைபட்டிருந்த காலத்தில், நோய் மறுபடி எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை அவளே போன் பண்ணி, "பெரியம்மா, சாப்பாட்டைத் தள்ளிப் போட ஆரம்பிச்சிருக்கேன், வீடியோ கால்ல உட்காரேன்" என்றாள். இரண்டு மாதம் தினம் மத்தியானம் போனை சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் இங்கே, அவள் அங்கே சாப்பிட்டோம்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒரு பெண், ஆடுகிறவளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றே எப்போதும் சொல்கிறாள், சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போடுகிறாள், வெயிலில் ஸ்வெட்டர் போடுகிறாள், மாதவிலக்கு நின்று போயிருக்கிறது என்றால் அழகுக்காக இளைக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது. எங்கே போவது என்று திகைத்தால் அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, 2022-லிருந்து. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இப்போது அவள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடிக் கொட்டகையில் பதினான்கு குழந்தைகளுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுக்கிறாள். வகுப்பு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து சுண்டல். டீச்சரும் கூட உட்கார்ந்து சாப்பிடுவாள். போன மாதம் ஓர் அம்மா எட்டு வயது மகளை அழைத்து வந்து, பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டார்: "இவ கொஞ்சம் குண்டு. டான்ஸ் ஆடினா இளைப்பாளா மிஸ்?"

"டான்ஸ் ஆடினா டான்ஸ் வரும் ஆன்ட்டி" என்றாள் எங்கள் பெண்.

அந்த அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் சேர்த்து விட்டுப் போனார். குழந்தைக்கு நல்ல தாளக்கட்டு. தட்டடவு இரண்டு காலமும் பிடித்து விட்டது. சுண்டலில் மாங்காய் போடச் சொல்லி எனக்கு ஆர்டர் வேறு!

- ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை-33.